பர்ன்லி ஊர் டாக்டரும் என் அம்மாவின் நாடியும்

என் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், இரண்டு ஈசிஜி தாள்கள் இருக்கின்றன. இரண்டும் அம்மாவுடையவை. ஒன்று 1987 ஆவணியில் எடுத்தது. அப்போது நான் ஈசிஜி டெக்னீஷியனாக வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அம்மாவை வரவழைத்துப் படுக்கவைத்து, மார்பில் ஜெல்லி தடவி, ரப்பர் பல்பை அழுத்தி ஒவ்வொரு கிண்ணமாக ஒட்டி, என் கையாலேயே எடுத்தேன். இன்னொன்று 1994 தை மாதம், காணும் பொங்கலுக்கு மறுநாள் எடுத்தது. முந்தின ராத்திரி முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள் அம்மா.

இரண்டையும் அருகருகே வைத்து லீட் இரண்டு என்ற வரியை மட்டும் பார்ப்பேன். முதல் தாளில் ஒவ்வொரு கூர்முனைக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு வருகிறது. எங்கள் பாஷையில் அது பி அலை. மற்றவர்களுக்கு வழவழப்பான ஒற்றை மேடாக இருக்கும். அம்மாவுக்கு அகலமாக, உச்சியில் பிளந்து, இரட்டைத் திமில் ஒட்டகத்தைப் போல இருக்கிறது. இரண்டாவது தாளில் அந்த மேடே இல்லை. அது வரவேண்டிய இடத்தில் கோடு நடுங்குகிறது. கூர்முனைகளுக்கு நடுவே உள்ள சின்னச் சதுரங்களை எண்ணினால் ஒன்பது, பதினான்கு, பத்து, பதினேழு என்று போகிறது. இரண்டு இடைவெளிகூட ஒத்துவரவில்லை.

டாக்டர்கள் இதை ஏ.எஃப் என்பார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். தமிழில் மேலறை நடுக்கம் என்று சொல்லலாம். முப்பத்தொரு வருஷ வேலையில் இந்த நடுங்கும் கோட்டை எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த மேடு போய்விட்டால் என்ன அர்த்தம் என்று உலகத்தில் முதலில் யோசித்தவர் யார் என்று தேடிப் படித்தது ஓய்வு பெற்ற பிறகுதான். பெரிய ஆஸ்பத்திரிப் பேராசிரியராக இருப்பார் என்று எண்ணியிருந்தேன். அவர் இங்கிலாந்தின் லங்காஷயரில், பஞ்சாலைகள் நிறைந்த பர்ன்லி என்ற ஊரில், வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்த்த டாக்டர். பெயர் ஜேம்ஸ் மெக்கன்சி. ஈசிஜி மெஷின் வருவதற்கு முன்பே, கழுத்துச் சிரையின் துடிப்பைக் காகிதத்தில் பதித்து, மேலறையின் அலை காணாமல் போவதைப் பார்த்துவிட்டார்.

அவர் கதைக்குள் போகுமுன் இதயத்தின் உள்வீட்டைக் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். இதயத்தில் நான்கு அறைகள் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். மேலே இரண்டு மெல்லிய சுவர் கொண்ட அறைகள், கீழே இரண்டு தடித்த சுவர் கொண்ட அறைகள். உடம்பிலிருந்து திரும்பும் ரத்தம் வலது மேலறைக்கும், நுரையீரலில் சுத்தமான ரத்தம் நான்கு சிரைகள் வழியாக இடது மேலறைக்கும் வந்து சேரும். வலது மேலறையில், மேற்பெருஞ்சிரை வந்து இறங்கும் வாசலை ஒட்டி, கண்ணுக்கு எளிதில் பிடிபடாத ஒரு தசை முடிச்சு இருக்கிறது. துடிப்பு அங்கேதான் பிறக்கிறது. அங்கிருந்து இரண்டு மேலறைகளிலும் மின்னலை பரவும்போது ஈசிஜி ஊசி எழுதுவதுதான் பி அலை. மேலறைகள் சுருங்கி, மிச்ச ரத்தத்தைக் கீழறைகளுக்குள் தள்ளுகின்றன. மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின்சாரம் போக ஒரே ஒரு வழி. அந்த வழியில் இன்னொரு முடிச்சு வாசற்காரனைப் போல நின்று, கொஞ்சம் தாமதித்து, பிறகு கீழே அனுப்புகிறது.

ஏ.எஃப் வந்துவிட்டால் மேலறையில் ஒற்றை அலை கிடையாது. நிமிஷத்துக்கு 350 முதல் 600 வரை சின்னச் சின்ன மின்சுழல்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். சுவர் சுருங்காது, நடுங்கும். பொங்குவதற்குச் சற்று முன்னால் பாலின் மேல் ஏடு நடுங்குமே, அப்படி. வாசற்கார முடிச்சு, மேலே நடக்கும் அமளியில் தன்னை வந்து மோதுகிறவற்றில் சிலவற்றை மட்டும், ஒரு கணக்கும் இல்லாமல், கீழே விடுகிறது. அதனால்தான் நாடியில் ஒழுங்கு இருப்பதில்லை. மழை விட்ட பிறகு ஓலைக் கூரையிலிருந்து சொட்டும் சொட்டைக் கேட்டிருப்பீர்கள். அடுத்த சொட்டு எப்போது விழும் என்று சொல்லவே முடியாது. அந்த நாடியும் அப்படித்தான்.

மெக்கன்சி 1853இல் ஸ்காட்லாந்தில் ஸ்கோன் என்ற ஊரில் பிறந்தவர். 1879இல் பர்ன்லிக்கு வந்து, 1907 வரை அங்கேயே இருந்தார். ஏறத்தாழ இருபத்தெட்டு வருஷம் ஒரே ஊர், அதே குடும்பங்கள். வந்த புதிதில் ஒரு கர்ப்பிணி, இதயக் கோளாறு உள்ளவள், பிரசவத்தின்போது அவர் கண்முன்னே இறந்துபோனாள். இது வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க முடியாதா என்ற கேள்வி அவரை விடவில்லை. கருவுற்ற பெண்களின் நாடியையும் கழுத்தையும் பார்த்து எழுத ஆரம்பித்தார்.

இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். 1968இல் எங்கள் அம்மாவுக்கும் அதே நிலைதான். மூன்றாவது பிரசவம். ஏழாம் மாதத்திலிருந்து படுக்க முடியாமல், நெல் மூட்டையில் சாய்ந்துதான் தூங்குவாள். எனக்கு அப்போது ஏழு வயசு. குழந்தை தங்கவில்லை. அம்மா பிழைத்தாள். சின்ன வயசில் அவளுக்கு வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டிருக்கிறது என்பதை வீட்டில் யாரும் அறிந்திருக்கவில்லை.

மெக்கன்சி பயன்படுத்திய கருவிக்குப் பாலிகிராஃப் என்று பெயர். பர்ன்லிக்குப் பக்கத்து ஊர்க் கடிகாரக்காரர் ஒருவரின் துணையோடு அதை மேம்படுத்திக்கொண்டே போனார். சின்ன வட்டக் கிண்ணம் ஒன்றைக் கழுத்துச் சிரையின் மேல் வைப்பார். அதிலிருந்து ரப்பர் குழாய். சிரை துடிக்கும்போது குழாய்க்குள் இருக்கும் காற்று ஒரு மெல்லிய நெம்புகோலைத் தள்ளும். மணிக்கட்டில் இன்னொரு நெம்புகோல். ஆரம்பத்தில் புகையேற்றிய காகிதத்தில் கீறுவது, பிற்பாடு கடிகாரப் பொறி இழுத்துச் செல்லும் நீளக் காகிதத்தில் மையால் எழுதுவது. ஒரே நேரத்தில் இரண்டு கோடுகள். கழுத்துக் கோடு மேலறையின் சேதி, மணிக்கட்டுக் கோடு கீழறையின் சேதி. கழுத்துக் கோட்டில் வரும் மேடுகளுக்கு ஏ, சி, வி என்று அவர் வைத்த எழுத்துகளில்தான் இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். ஏ என்பது மேலறை சுருங்குவதால் எழும் அலை.

வால்வு சுருங்கிய ஒரு பெண்ணை அவர் 1880களிலிருந்தே கவனித்து வந்தார். வருஷம் வருஷமாக அவளுடைய கழுத்துக் கோடு அவரிடம் சேர்ந்துகொண்டே இருந்தது. ஸ்டெதஸ்கோப்பில், கீழறை சுருங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு முணுமுணுப்பு கேட்கும். மேலறை தன் பலத்தையெல்லாம் கூட்டி, குறுகிய வால்வு வழியே ரத்தத்தைத் தள்ளும் சத்தம் அது. 1890களின் கடைசியில் ஒருநாள் அவளுக்குத் திடீரென்று மூச்சுமுட்டியது. நாடி தாறுமாறாகிவிட்டது. மெக்கன்சி கோடு எடுத்தார். ஏ அலை இல்லை. காது வைத்துக் கேட்டார். அந்த முணுமுணுப்பும் இல்லை. மேலறை தன் வேலையை நிறுத்திவிட்டது என்று அவருக்கு விளங்கியது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, அவரிடம் பழைய தாள் இருந்தது என்பதுதான். லண்டன் ஆஸ்பத்திரியில் இந்தப் பெண் வந்து படுத்திருந்தால், டாக்டருக்கு அன்றைய தாறுமாறான நாடி மட்டும்தான் தெரிந்திருக்கும். பத்து வருஷத்துக்கு முந்தைய கோடு இருந்தால்தானே எது காணாமல் போயிற்று என்று தெரியும்? எங்கள் ஓபியில் நோயாளியின் பழைய ஈசிஜியைக் கேட்டால் பாதிப் பேர் கைவிரிப்பார்கள். மழையில் நனைந்தது, எலி கடித்தது, சாமி ரூமில் வைத்தது எங்கேயோ போயிற்று. கொண்டுவந்தவர்களின் தாளை மேஜையில் விரித்து டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, எடுத்துக்கொடுத்தவள் என்ற முறையில் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

மெக்கன்சி கண்டது சரி. காரணம் சொன்னதில் வழி தவறினார். முதலில் மேலறை முடங்கிவிட்டது என்று எழுதினார். பிறகு அப்படி இறந்தவர்களின் இதயங்களைத் திறந்து பார்த்தபோது சிலருக்கு மேலறைச் சுவர் தடித்திருந்தது. வருஷக்கணக்கில் முடங்கிக் கிடந்த தசை தடிக்குமா? ஆகவே முடக்கம் என்ற கருத்தைக் கைவிட்டு, மேலறையும் கீழறையும் ஒரே சமயத்தில் சுருங்குகின்றன, துடிப்பு நடுவிலிருக்கும் முடிச்சில் பிறக்கிறது என்றார். அதுவும் தப்பு. ஆனால் தன் சொல்லைக் காப்பாற்றுவதற்காகக் கண்ணால் கண்டதை அவர் மறைக்கவில்லை. அந்த இதயங்களை லண்டனில் இருந்த உடற்கூற்றியல் அறிஞர் ஆர்தர் கீத்துக்கு அனுப்பிவைத்தார்.

அதனால் விளைந்தது பெரிது. அந்த நாட்களில் இதயத்தின் மின்பாதையைப் பலரும் துண்டு துண்டாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். 1893இல் வில்ஹெல்ம் ஹிஸ் மேலறையையும் கீழறையையும் இணைக்கும் தசைக்கற்றையைக் கண்டார். ஜெர்மனியின் மார்பர்க் நகரில் படித்துக்கொண்டிருந்த ஜப்பானியர் சுனாவோ தவாரா, 1906இல் அந்தக் கற்றையின் தலைமாட்டில் இருக்கும் வாசற்கார முடிச்சை விவரித்தார். துடிப்பு பிறக்கும் இடம் மட்டும் பாக்கி. 1906 கோடையில் கெண்ட் மாவட்டத்தில் கீத்தின் பண்ணை வீட்டில், மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவர் உதவிக்கு இருந்தார். ஒருநாள் கீத்தும் மனைவியும் சைக்கிளில் வெளியே போய்த் திரும்பியபோது, ஃபிளாக் ஒரு அகழெலியின் இதயத்தைச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காத்திருந்தார். வலது மேலறையின் வாசலில் விநோதமான ஒரு தசைக் கூட்டம். பிறகு பார்த்த ஒவ்வொரு பாலூட்டியின் இதயத்திலும் அது இருந்தது. 1907இல் வெளியிட்டார்கள். மனிதன் தோன்றிய நாள் முதல் துடித்துக்கொண்டிருக்கும் முடிச்சு, மண்ணுக்குள் வளை தோண்டும் ஒரு சின்னப் பிராணியின் நெஞ்சில் முதலில் அகப்பட்டது.

அதே சமயத்தில் நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் என் தொழிலுக்கு அடிக்கல் நாட்டிக்கொண்டிருந்தார். ஜாவாத் தீவின் செமராங்கில் 1860இல் பிறந்தவர் அவர். உருகிய குவார்ட்ஸை ஒரு அம்பின் வாலில் ஒட்டி எய்து, தலைமுடியைவிட மெல்லிய இழை எடுத்து, அதற்கு வெள்ளி பூசி, வலுவான காந்தத்தின் நடுவே தொங்கவிட்டார். இதயத்தின் மின்சாரம் அந்த இழையில் ஓடும்போது அது அசையும். அசைவின் நிழல் நகரும் படத்தகட்டில் விழும். கருவியின் எடை சுமார் 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர்த் தொட்டிகளில் அமிழ்த்தி உட்கார வேண்டும். நான் ஒரு கையில் தூக்கிக்கொண்டு வார்டு வார்டாகப் போன பெட்டியின் தாத்தா அது. இவ்வளவு கனமான கருவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாதென்று, ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்குத் தொலைபேசிக் கம்பி இழுத்து, நோயாளியை அங்கேயும் கருவியை இங்கேயும் வைத்து எழுதினார். 1906இல் அவர் வெளியிட்ட கோடுகளில் ஒன்று ஒழுங்கற்ற நாடி உள்ள ஒருவருடையது. இன்று நாம் பார்த்தால் ஏ.எஃப் என்று உடனே சொல்லிவிடுவோம். அன்று அந்த நடுங்கும் கோட்டின் பொருள் தெரியவில்லை.

பொருள் சொன்னவர் தாமஸ் லூயிஸ். வேல்ஸில் பிறந்தவர், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில் இருந்த இளைஞர், மெக்கன்சியின் தூண்டுதலால் நாடி ஆராய்ச்சிக்கு வந்தவர். நாய்களின் மேலறையை மின்சாரத்தால் நடுங்கவைத்து எடுத்த கோடும், மெக்கன்சியின் நோயாளிகளைப் போன்றவர்களிடம் எடுத்த கோடும் ஒன்றுதான் என்று 1909 நவம்பரில் எழுதினார். வியன்னாவில் ரோத்பெர்கரும் விண்டர்பெர்கும் அதே வருஷம் அதே முடிவுக்கு வந்தார்கள். மனிதருடைய மேலறை நடுங்குவதை யார் நேரில் பார்ப்பது? லூயிஸ் குதிரைகளிடம் போனார். குதிரைகளுக்கும் இந்த நோய் இயல்பாக வரும். நாடி தப்பிய ஒரு குதிரையின் மார்பைத் திறந்தபோது, கோட்டில் கண்ட நடுக்கம் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது.

மெக்கன்சி உடனே ஒத்துக்கொண்டார். அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயசு.

இனி மருந்து. மெக்கன்சியின் நோயாளிகளுக்குக் கைகொடுத்தது ஒரு பழைய இலை. இங்கிலாந்தில் வேலியோரத்தில் ஊதா நிற மணிப்பூக்களை அடுக்கிக்கொண்டு நிற்கும் டிஜிட்டாலிஸ் செடி. 1775இல் வில்லியம் விதரிங் என்ற மருத்துவரிடம், ஷ்ராப்ஷயரில் ஒரு கிழவி நீர்க்கோவைக்கு ரகசியமாகக் கொடுத்துவரும் கஷாயத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்ட சரக்குகள் அதில் இருந்தன. செடிகொடிகளை நன்கு அறிந்த விதரிங், வேலை செய்வது இந்த ஒரு இலைதான் என்று கண்டார். பத்து வருஷம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, குணமானவர்களையும் ஆகாதவர்களையும் மறைக்காமல் 1785இல் புத்தகமாக எழுதினார். சிறுநீர் பிரிந்தாலோ, வாந்தி வந்தாலோ, நாடி குறைந்தாலோ, வயிறு போனாலோ அப்போதே நிறுத்திவிட வேண்டும் என்று எச்சரித்தார். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே அதில் இருக்கும் இடைவெளி குறுகலானது. அந்தக் கிழவியின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அது ஆறாத வருத்தம். நம் ஊரிலும் எத்தனை கிழவிகளின் கைமருந்து இப்படிப் பெயரில்லாமல் போயிருக்கும்.

இலை நூறு வருஷத்துக்கு மேலாக எல்லாவித இதய நோய்க்கும் கொடுக்கப்பட்டு, சிலருக்கு உயிர் தந்து, பலருக்கு ஒன்றும் செய்யாமல் இருந்தது. ஏ அலை தொலைந்தவர்களுக்குத்தான் அது அற்புதமாகக் கேட்கிறது என்று பிரித்துச் சொன்னவர் மெக்கன்சி. இன்றைக்குக் காரணம் தெரியும். டிஜிட்டாலிஸ் வாசற்கார முடிச்சைக் கறாராக்குகிறது. மேலே நடுக்கம் தொடரும்; கீழே இறங்கும் துடிப்புகள் குறையும்; கீழறைக்கு நிரம்ப நேரம் கிடைக்கும். கம்பளி இலை கொண்ட இன்னொரு டிஜிட்டாலிஸ் வகையிலிருந்து 1930இல் சிட்னி ஸ்மித் பிரித்தெடுத்த டிஜாக்ஸின் தான் அம்மா சாப்பிட்ட சின்ன வெள்ளை மாத்திரை. நம் ஊர் வழக்கப்படி வாரத்தில் ஐந்து நாள், சனி ஞாயிறு லீவு. அந்த ஐந்து நாளும் காலையில் அடுப்பு பற்றவைக்குமுன் சுவர்க் கடிகாரத்தின் கீழே உட்கார்ந்து, முழுசாக ஒரு நிமிஷம் தன் நாடியைத் தானே எண்ணி, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் மாத்திரையை வாயில் போடுவாள். அறுபதுக்குக் கீழே போனால் அன்று மாத்திரை கிடையாது. பதினைந்து செகண்டு எண்ணி நாலால் பெருக்கும் குறுக்குவழி இந்த நாடிக்கு ஆகாது என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

நடுக்கத்தை அடக்காமல் நிறுத்தவே ஒரு வழி கிடைத்ததும் நோயாளி ஒருவரிடமிருந்துதான். 1912இல் கரேல் வெங்கபாக் என்ற டச்சு மருத்துவரிடம், கீழைநாடுகளில் இருந்து பழகிய ஒரு வியாபாரி வந்தார். அவ்வப்போது வரும் இந்த நாடிக் குழப்பத்தைத் தீர்த்துத் தர வேண்டும் என்றார். என்னால் ஆகாதே என்றார் வெங்கபாக். வியாபாரிக்கு வருத்தம். நாளைக் காலையில் ஒழுங்கான நாடியோடு வருகிறேன் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய், சொன்னபடியே வந்தார். அவர் செய்தது ஒரு கிராம் கொயினா சாப்பிட்டதுதான். மலேரியாவுக்கு நம் பாட்டிமார் முகம் சுளித்து விழுங்கிய அதே கொயினா. நீலகிரியில் நடுவட்டத்தில் இதற்கென்றே சின்கோனாத் தோட்டமும் அரசாங்கத் தொழிற்சாலையும் இருந்தன. வெங்கபாக் 1914இல் இதை எழுதினார். நாலு வருஷம் கழித்து வால்டர் ஃப்ரே, அதே மரப்பட்டையில் கிடைக்கும் குயினிடின் இன்னும் நன்றாகக் கேட்கிறது என்று காட்டினார். எழுபது எண்பது வருஷம் அது புழக்கத்தில் இருந்தது.

அம்மாவின் இடது மார்புக்குக் கீழே முதுகுவரை வளைந்து போகும் ஒரு தழும்பு இருந்தது. 1981இல் வால்வை விரித்துவிட்ட ஆபரேஷன். அதைப் புரிந்துகொள்ள இடது மேலறையின் காதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேலறையின் ஓரத்தில் சுருங்கிய பைபோல, நாய்க்குட்டியின் காது மாதிரி ஒரு மடல் தொங்கும். அந்தக் காதில் ஒரு துளையிட்டு, சுருக்குக் கயிறு போலத் தையல் போட்டு, விரலை உள்ளே நுழைத்து, ஒட்டிக்கொண்ட வால்வின் இதழ்களைப் பிரித்துவிடலாம். இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். 1925இல் லண்டனில் ஹென்றி சூட்டர் ஓர் இளம்பெண்ணுக்கு இப்படிச் செய்தார். அவள் பிழைத்து வீடு போனாள். அதற்குப் பிறகு ஒரு நோயாளியைக்கூட அவரிடம் யாரும் அனுப்பவில்லை. 1948வரை அந்த வழி மூடிக்கிடந்தது. இந்த இடத்தில் என் மனசுக்குப் பிடித்த மெக்கன்சியின் மேல் எனக்குக் குறை உண்டு. இதய நோயில் வால்வு பெரிதல்ல, தசைதான் பெரிது என்ற கருத்தை ஊன்றியவர்களில் அவரும் லூயிஸும் முதன்மையானவர்கள். அவர்கள் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததாலேயே, வால்வைத் தொட வந்த கை அத்தனை வருஷம் சும்மா இருக்கவேண்டியதாயிற்று என்று நான் நினைக்கிறேன்.

அறுவை மருத்துவரின் விரலுக்கு வழிவிட்ட அதே காதுதான் ஏ.எஃப் நோயாளிக்கு ஆபத்தும். மேலறை சுருங்காதபோது ரத்தம் அந்த மடலில் தேங்குகிறது. தேங்கியது உறைகிறது. உறைந்த துண்டு கிளம்பினால் நேராக மூளைக்குப் போகக்கூடும். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர் மக்களை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வு 1978இல் சொன்ன கணக்கு: வால்வு நோய் இல்லாத ஏ.எஃப்பில் பக்கவாதம் ஐந்து மடங்குக்கு மேல். மூட்டுக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களுக்குப் பதினேழு மடங்குக்கு மேல்.

உறையாமல் காக்கும் மருந்தின் கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. 1933 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, அமெரிக்காவின் விஸ்கான்சினில் பனிப்புயல் அடித்த நாளில், ஒரு விவசாயி முந்நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு மேடிசன் நகரப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வண்டியில் செத்துப்போன கிடாரி ஒன்று, பால் கேன் நிறைய உறையாத ரத்தம், பூஞ்சை பிடித்த இனிப்புத் தீவனப் புல் ஒரு பாரம். அவருடைய மாடுகள் ஒவ்வொன்றாக ரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்தன. கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகத்தில், புல்லில் என்ன இருக்கிறது என்று பிரித்தெடுக்க ஆறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்தச் சரக்கிலிருந்து கிளைத்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. பிறகு மனிதர்களுக்கு. 1955இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அதைக் கொடுத்தார்கள். நம் ஊரில் அதே குடும்பத்து அசிட்ரோம் அதிகம். வைட்டமின் கேயின் வேலையைத் தடுப்பதால்தான் இந்த மாத்திரை ரத்தத்தை உறையவிடாமல் செய்கிறது. கீரையில் அந்த வைட்டமின் நிறைய. எங்கள் கொல்லையில் முருங்கை காய்த்துத் தொங்கியது. வாரத்துக்கு எத்தனை நாள் கீரை என்பதை அம்மா ஒரே அளவாக வைத்துக்கொண்டாள். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அரை மாத்திரை, கால் மாத்திரை என்று பிளேடால் நறுக்கி, பழைய விக்ஸ் டப்பாவில் போட்டுவைப்பாள்.

2003இல் கடைவாய்ப் பல் ஒன்று பிடுங்க வேண்டியிருந்தது. ஒரு தனியார் பல் கிளினிக்கில், அசிட்ரோமை நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார்கள். மறுபடி எப்போது தொடங்குவது என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் அப்போது வேறு மாவட்டத்தில் டூட்டி. அம்மாவும் கூப்பிட்டுக் கேட்கவில்லை, புண் ஆறட்டும் என்று இருந்துவிட்டாள். ஐந்தாவது வாரம் ஒரு காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவளின் வலது கை கோலப்பொடியை நழுவவிட்டது. கூப்பிட்ட பக்கத்து வீட்டு அக்காவிடம் பதில் சொல்ல வாய் வரவில்லை. பேச்சு மூன்று மாதத்தில் பெரும்பாலும் திரும்பியது. கை முழுசாகத் திரும்பவில்லை. அதற்குப் பிறகு போட்ட கோலங்களில் வலதுபக்க இழை எப்போதும் கொஞ்சம் அலையும்.

பிற்காலத்து வைத்தியங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அவற்றில் பலவும் அம்மாவைப் போன்ற வால்வு நோய்க்காரர்களுக்கு அதிகம் உதவாதவை. 1962இல் பாஸ்டனில் பெர்னார்ட் லவுன், ஈசிஜியின் கூர்முனையோடு நேரம் பொருத்தி நேர்மின் அதிர்ச்சி கொடுத்து நடுக்கத்தை நிறுத்திக் காட்டினார். 1998இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷல் ஹைசகேர் குழுவினர், பலருக்கு இந்த நடுக்கத்தைக் கிளப்பிவிடும் பொறி நுரையீரல் சிரைகளின் வாய்க்குள் இருக்கிறது என்று கண்டார்கள். இடது மேலறையின் தசை அந்தச் சிரைகளுக்குள் கொஞ்ச தூரம் சட்டைக் கை போல நீண்டிருக்கும். தொடைச் சிரை வழியாகக் குழாயை ஏற்றி, மேலறைகளுக்கு நடுவே உள்ள சுவரைத் துளைத்து, அந்த வாய்களைச் சுற்றிச் சுட்டு மின்வேலி போட்டுவிட்டால் பலருக்கு நாடி திரும்புகிறது. அசிட்ரோமைப் போல அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைகளும் வந்துவிட்டன. ஆனால் மூட்டுக் காய்ச்சலால் வால்வு கெட்டு ஏ.எஃப் வந்தவர்களுக்கு அவற்றில் ஒன்றான ரிவராக்ஸபானைவிடப் பழைய மாத்திரையே நல்லது என்று, நம் நாட்டு மருத்துவர்களும் முன்னின்று நடத்திய ஒரு பெரிய ஆய்வு 2022இல் காட்டியிருக்கிறது. நம் கிராமங்களில் இந்த வகை நோயாளிகள் இன்னும் இருக்கிறார்கள். அசிட்ரோமும் மாசாமாசம் ரத்தப் பரிசோதனையும் அவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

மெக்கன்சி 1925 ஜனவரியில் இதய ரத்தக்குழாய் நோயால் இறந்தார். தன் இதயத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஜான் பார்க்கின்சன் என்ற மருத்துவர் அதை நிறைவேற்றினார். அந்த இதயம் ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் பாதுகாக்கப்பட்டது.

அம்மா 2009 புரட்டாசியில் போனாள். ஈசிஜி தாள்களோடு அந்தப் பால் கணக்கு நோட்டையும் எடுத்துவைத்திருக்கிறேன். 2003க்குப் பிறகு எழுத்து இடது கையால் எழுதியது. எண்கள் பெரிது பெரிதாக, கோட்டை விட்டு விலகி நிற்கும். கடைசிப் பக்கத்தில் திங்கள் 72, செவ்வாய் 68, புதன் 74, வியாழன் 70, வெள்ளி 66. சனிக்கிழமைக்கு நேரே எண் இல்லை. முந்தின நாளே எழுதிவைத்திருக்கிறாள், லீவு என்று.